பாக்கி ஏழு ரூபாய்

இலையுதிர்கால அரை மாரத்தான் என்று
பனியனில் அச்சடித்திருந்தார்கள்.
ஐப்பசியில் ஊட்டியில் உதிர்வது மழை.
கற்பூர மரங்கள் ஓர் இலையும் விடாமல் பிடித்திருந்தன.
பொட்டானிக்கல் கார்டனில் ஒரே ஒரு மேப்பிள்
வெளியூர்க்காரன் மாதிரி சிவந்து நின்றது.

பத்தொன்பது வருஷமாய் மஞ்சூர் வண்டியில் நான் கண்டக்டர்.
எங்கள் பேச்சில் ஓடுவது வண்டி மட்டும்தான்.
மரம் விழுந்தால் ஓடாது, பந்த் என்றால் ஓடாது.
நான் ஓடியதில்லை. நின்றிருக்கிறேன்,
வளைவுக்கு வளைவு இடுப்பைக் கம்பிக்குக் கொடுத்து,
வாந்தி எடுக்கிறவர்களுக்கு ஜன்னலைத் திறந்துவிட்டு.
டெப்போ பரமேசன்தான் ஒரு வருஷ டீக்குப் பந்தயம் கட்டினான்.

ஏரிக்கரையில் ஆறரைக்கு வெடி.
வாடகைக் குதிரைகள் மிரண்டு திரும்பின.
தோல்பை தொங்காத தோள் எனக்குப் புதிது,
ரேஸ் கோர்ஸ் தாண்டும்வரை
உடம்பு ஒரு பக்கமாகவே சாய்ந்து வந்தது.
கிலோமீட்டர் பலகைகள் மூளையில் ஏறவில்லை.
சேரிங்கிராஸ் ஒரு ஸ்டேஜ், கார்டன் வாசல் ஒரு ஸ்டேஜ்
என்று எனக்கு நானே டிக்கெட் கிழித்துக்கொண்டேன்.

கார்டனுக்குள் அந்தக் கல்லாய்ப்போன மரம்.
இரண்டு கோடி வருஷமாம்.
பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினேன்,
அதற்கு அவசரமில்லை.

ரோஜாப் பூங்கா ஏற்றத்தில்
கவாத்து முடிந்து வெறும் முள்ளாய் நின்றன செடிகள்.
நடந்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நடந்தேன்.
அங்கேதான் காதருகில் கேட்டது:
"கண்டக்டர், என் ஏழு ரூவா?"

முத்தோரை.
பெயர் தெரியாது, ஏறும் ஸ்டாப்தான் பெயர்.
காளான் பண்ணைக்கு முதல் ஷிப்ட் போகிறவள்.
இருபது ரூபாய்த் தாள், பதிமூன்று ரூபாய் டிக்கெட்,
பின்னால் 7 என்று கிறுக்கி ஒரு வட்டம் போட்டிருப்பேன்,
"இறங்கும்போது வாங்கிக்கம்மா."
அதற்கப்புறம் பெண்களுக்கு இலவசம் வந்தது.
எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனது,
கணக்கு மட்டும் இறங்காமல்
புட்போர்டிலேயே நின்றிருக்கிறது.

டவுசரில் பை இல்லை என்று காட்டினேன்.
சிரித்தாள். சிரித்தபடியே
இறக்கத்தில் என்னைத் தாண்டினாள்,
செவ்வந்தி நிற ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு.

பெர்ன்ஹில் பக்கம் மஞ்சு இறங்கியது.
முன்னால் யாருமில்லை, அந்த மஞ்சள் மட்டும்
அணைந்து அணைந்து எரிந்தது.
பின்னால் ஓடி வருகிறவர்களைப் பார்த்துவிட்டும்
இரட்டை விசில் கொடுத்த காலைகள் எனக்கு உண்டு.
டிபன் கூடையோடு ஒருத்தி,
ஷூ லேஸ் அவிழ்ந்த ஒரு பள்ளிக்கூடப் பையன்.
லேட்டாகிவிட்டது என்பேன் டிரைவரிடம். லேட்டாகியிருக்காது.
ஓடுகிறவன் கண்ணுக்கு
வண்டியின் முதுகு எவ்வளவு சீக்கிரம் சிறுத்துவிடுகிறது!
காரட் துண்டு நீட்டிய பெண்பிள்ளை
"அங்கிள், ஓகேவா?" என்றாள்.
வாய் திறந்தால் மூச்சு போய்விடும், தலையாட்டினேன்.

இரண்டு மணி ஐம்பத்தோரு நிமிஷம்.
மெடலை யார் மாட்டினார்கள் என்று பார்க்கவில்லை.
பரமேசனிடம் பத்து ரூபாய் பிடுங்கிக்கொண்டு தேடினேன்.
வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டு
படியில் உட்கார்ந்திருந்தாள்.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"சில்லறை இல்லியே."
நெஞ்சிலிருந்த நம்பர் அட்டையைக் கழற்றினாள்,
டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கினாள்,
பின்பக்கத்தில் 3 எழுதி, ஒரு வட்டம் போட்டு,
கீழே மாதேவி என்று கையெழுத்தும் வைத்தாள்.
"இறங்கும்போது வாங்கிக்கங்க."

சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கிறேன்,
துவைக்கிறபோது எடுத்து, மறுபடி வைத்து.
தொலைத்துவிடுவார்கள் என்று நம்பித்தான்
இத்தனை வருஷம்
நான் எழுதிக் கொடுத்தது.